ஏரியும் இல்லமும்: செங்கற்பட்டுச் சீமையில் அரசினர் பொதுப்பணிகள்

அரசின் கடமை யாது என்னும் வினாவுக்கு அரசியல் நூலார் பலபட விடை பகர்வர். பகைவரைத் தடுத்தலும் வழக்குத் தீர்த்தலுமே அதன் தொழில் என்பார் ஒரு சாரார். குடிகளுக்கு நீரும் வழியும் மனையும் அமைத்துக் கொடுத்தலும் அதன் தொழிலே என்பார் பிறிதொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்கும் பொறுப்பை நம் சொற்போர் மன்றத்தார்க்கு விட்டுவிடுவோம். இந்நாளில் நம் நாட்டில் எந்த அரசும் பின்னைய கடமையை மறுப்பதில்லை. இத்தனை இலட்சம் வீடுகள், இத்தனை கோடி ரூபாய்க்கு ஏரிப்பணிகள் என ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கின்றனர். அங்ஙனம் அறிவித்தவற்றுள் நிறைவேறாதவை எவ்விடத்தில் தடைப்படுகின்றன, நிறைவேறியவை எத்தனை ஆண்டு நிலைக்கின்றன என்பனவே நாம் ஈண்டு ஆராயப் புகுவன. இப்பொருளைப் பயிலும் மாணாக்கர் மேனாட்டு உதாரணங்களையே பெரிதும் கேட்டிருப்பர். நாமோ அண்மையிலுள்ள ஒரு சிற்றூரினின்று தொடங்குவோம்.

செங்கற்பட்டினின்று தெற்கே திண்டிவனம் நோக்கிச் செல்லும் பெருவழியில், பாலாற்றைக் கடந்து, மதுராந்தகத்தை அணுகுமுன் கருங்குழி என்னும் ஊர் உள்ளது. இன்று அஃது ஒரு பேரூராட்சி. பேருந்தில் விரைவோர் பலர் அதன் பெயரையும் கவனியார். ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்த கோட்டைக்காக ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். ஐதர் அலியின் படையிடமிருந்து அதனை 1781இல் ஆங்கிலர் மீண்டும் கைப்பற்றினர். போர்ச் செய்தி நமக்கு முக்கியமன்று. செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி 1859இல் சைதாப்பேட்டைக்குப் போகும்வரை, இடையே காஞ்சிபுரத்திலிருந்த சில ஆண்டுகள் நீங்கலாகப் பெரும்பாலும் கருங்குழியிலேயே நடைபெற்றது என்பதே நாம் கருதத்தக்கது. ஒரு ஜில்லாவின் ஏரியும் வழியும் மனையும் பற்றிய உத்தரவுகள் இச்சிற்றூரிலிருந்தே பிறந்தன.

1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி இச்சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு ஜாகீராக அளித்தார். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பல பாழ்பட்டன, குடிகள் சிதறினர், ஏரிகள் உடைந்து கிடந்தன. இந்நிலையில் 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்தவர் லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலர். மதுராந்தகத்துக்குச் சென்றுள்ள அன்பர்கள் அவர் பெயரை ஏரிகாத்த இராமர் கோயிலில் கேட்டிருப்பர். பெருமழை பெய்த ஓரிரவில் கரை உடையுமோ என்று அஞ்சிச் சென்ற பிளேஸ் துரை, வில்லேந்திய இளைஞர் இருவர் கரைமேல் நின்று காவல்புரியக் கண்டார் என்றும், கரை பிழைத்தமையால் தாயார் சந்நிதியைத் திருப்பணி செய்வித்தார் என்றும் அவ்வூரார் கூறுவர். அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் அக்கோயிலில் உண்டு. காட்சியின் உண்மையை ஆராய்தல் நம் வேலையன்று. ஆனால் இருநூறு ஆண்டுகளாக மக்கள் சொல்லிவரும் இக்கதையில் ஒரு செய்தி ஐயத்துக்கு இடமின்றி நிற்கின்றது. மழைக்காலத்து நள்ளிரவில், ஏரிக்குப் பொறுப்பாளி இன்னார் என்பதை ஊர் அறிந்திருந்தது. அவரும் கரைமேல் இருந்தார்.

பிளேஸ் துரை மென்மையானவரல்லர். பூவிருந்தவல்லிப் பக்கத்து மிராசுதார்கள் அவர் விதித்த தீர்வைக்கு உடன்படாமல் ஊரை விட்டு நீங்கியதும், அவர் அவர்களிடம் கடுமை காட்டியதும் சரித்திரத்தில் உள. (வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடலாகாது என்று அவ்வூரார்க்கு 1798இல் கவுல் எழுதிக் கொடுத்தவரும் அவரே. மனிதரிடம் காட்டாத இரக்கத்தைச் சிலர் பறவைகளிடம் காட்டுவது உலக வழக்கம் போலும்!) எனினும் ஏரிப்பணியில் அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். கரையை உயர்த்த ஒருமுறை பணம் போதும். உயர்த்திய கரையைக் காக்க ஆண்டுதோறும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

அவ்வேற்பாடு இச்சீமையில் முன்னரே இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் எஞ்சினியர் ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, வீடுகள், நிலங்கள், விளைவு, பங்கீடு ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அவற்றுக்கு ஆதாரமாயமைந்த ஊர்க்கணக்குகள் தமிழில் ஓலைகளில் எழுதப்பட்டவை. திருப்போரூர், வடக்குப்பட்டு என்னும் ஊர்களின் கணக்குகள் அண்மைக்காலத்தில் நூலாகவும் வெளிவந்துள்ளன. அவற்றைப் பார்ப்போர்க்கு ஒரு முறை தெளிவாகப் புலனாகும். களத்தில் நெல்லடித்ததும், சர்க்கார் வாரமும் குடிவாரமும் பிரிப்பதற்கு முன்பே, பொதுவிலிருந்து கணக்கனுக்கு இவ்வளவு, தலையாரிக்கு இவ்வளவு, தச்சன், கொல்லன், குயவன், வெட்டியான் ஆகியோர்க்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு என்று மேரையும் சுதந்திரமும் ஒதுக்கப்பட்டன. ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது. விளைவு பெருகினால் ஏரியின் பங்கும் பெருகும். ஏரி கெட்டால் அனைவர் பங்கும் சுருங்கும். பராமரிப்புக்கென்று எவரிடமும் விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கவில்லை.

இதனைப் பொற்காலமென்று நாம் புகழவில்லை. மண் சுமந்தவர் யார், விளைவில் பெரும்பங்கு கொண்டவர் யார் என்னும் வினா பின்னர் வரும். இப்போதைக்குக் கவனிக்க வேண்டுவது இம்முறை சிதைந்த வகையேயாகும். கும்பினியார் வருவாயைப் பெருக்கக் கருதி, ஊரின் பொதுப்பங்குகள் பலவற்றை நாளடைவில் தீர்வையோடு சேர்த்துக்கொண்டனர். பழுது பார்க்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்பதாயிற்று. ஆனால் ஒரு மதகின் பலகை முறிந்தாலும் மதிப்பீடு எழுதிச் சென்னைக்கு அனுப்பி உத்தரவு வரக் காத்திருத்தல் வேண்டும். சென்னை மாகாணத்துப் பொதுப்பணிகளின் நிலையை விசாரிக்க 1852இல் அமர்ந்த குழுவினர், பணிகள் புறக்கணிக்கப்பட்டதையும், பெறும் வரியை நோக்கச் செலவிடும் தொகை மிகச் சிறிதென்பதையும் வெளிப்படையாகவே கூறினர். பின்னர் 1858இல் ஒரு சட்டம் பிறந்தது. வெள்ளக் காலத்தில் கரையைக் காக்க ஊரார் கட்டாயமாக உழைத்தல் வேண்டும் என்றும், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வாராதவர் அதற்குரிய செலவைக் கொடுத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. தானியம் போயிற்று, கடமை மட்டும் ஊரார் தலையில் நின்றது. அச்சட்டம் ஏட்டளவில் இருந்ததேயன்றிப் பெரிதும் பயன்படாமைக்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் அளவையிலும் வரைபடத்திலும் நல்ல பயன் தந்தது. ஆயினும் சீரமைத்தபின் காப்பவர் யார் என்பதற்கு அதனிடம் விடையில்லை.

ஓர் ஏரி எவ்வாறு கெடுகின்றது என்பதை நகரத்து மாணாக்கர் அறிந்திருத்தல் அரிது. அது பெரும்பாலும் ஒரு நாளில் கெடுவதன்று. வரத்துக்கால் தூர்ந்து நீர் குறைகின்றது. மதகின் வாயருகே வண்டல் படிந்து, உள்ள நீரும் வாய்க்காலில் ஏறுவதில்லை. கரையில் எலிவளையும் வேரும் துளையிட்டுக் கசிவு தோன்றுகின்றது. கலங்கலின் கற்கள் பெயர்கின்றன. இவையனைத்தும் மண்வெட்டியும் கூடையும் கொண்டு சில நாளில் திருத்தத்தக்கன. திருத்தாது விட்டால் ஒரு கார்த்திகை மழையில் கரை அறுந்து, பின் இலட்சக்கணக்கில் செலவாகின்றது. மேலும், நம் பகுதியில் ஏரிகள் தனித்தனியே இருப்பனவல்ல. மேல் ஏரியின் கலங்கல் நீரே கீழ் ஏரியின் வரத்து. ஆதலின் ஒன்று உடைந்தால் அதன் கீழுள்ளவற்றுக்கும் கேடாம்.

இத்தகைய சங்கிலியை நாம் இன்று துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றோம். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையினிடத்தும், அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியங்களிடத்தும் உள்ளன. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தினின்று பிரிந்த செங்கற்பட்டு மாவட்டத்தில் முன்னைய வகையைச் சார்ந்தவை மட்டும் 528. பெரிய ஏரியின் வரத்துக்கால் சிறிய ஏரியின் வழியே வரும். அதனைக் குறுக்கிடும் சாலையின் பாலம் நெடுஞ்சாலைத் துறையினது. இருபுறமும் உள்ள நிலம் பட்டாதாரருடையது. புறம்போக்கின் எல்லையைக் காட்ட வேண்டியவர் வருவாய்த் துறையினர். நால்வரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தும் நீர் வந்து சேராமலிருக்கக் கூடும். 2000ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம் ஆயக்கட்டாரைச் சங்கமாக்க முயன்றது. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் அன்றைய முதலமைச்சர் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில், முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாசனதாரர் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ தருதல் விதி. பழைய பெயரை மீட்டது நன்றே. ஆயினும் பழைய முறையில் ஏரிக்கு ஆண்டுதோறும் வரும் பங்கு இருந்தது. புதியதில் ஒருமுறை ஒதுக்கும் தொகையே இருந்தது. பணி முடிந்த மறு ஆண்டு மதகைத் துப்புரவு செய்யும் கூலியை யார் தருவர் என்பது பல ஊர்களில் பழையபடியே நின்றுவிட்டது.

மதுராந்தகம் ஏரியையே மறுபடி நோக்குவோம். 694 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள அதனை ஆழப்படுத்திக் கரையையும் கலங்கலையும் புதுப்பிக்க ஏறத்தாழ 120 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. வேலை வேண்டியதே, வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருந்தது உண்மை. ஆனால் ஏரியின் வயிற்றில் வேலை செய்ய நீரை வடித்தல் வேண்டும். பணி குறித்த காலத்தைக் கடந்து நீண்டமையால், ஆயக்கட்டு உழவர்கள் சாகுபடி இழந்து முறையிட்டனர். காலம் நீடித்தால் மதிப்பீட்டில் செலவு கூடும் என்று எஞ்சினியர் கணக்கிடுவர். உழவன் இழந்த போகம் எம்மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை. இத்தகைய பணிக்கு ஒப்பந்தம் எழுதும்போதே, இத்தனையாவது மழைக்குள் நீர் தேக்கப்படும், தவறின் ஆயக்கட்டாருக்கு இன்ன ஈடு என்று எழுதினால் என்ன? ஒப்பந்தக்காரருக்கும் துறைக்கும் இடையே தண்டம் உண்டு. ஏரியால் வாழ்பவரோ அந்த ஒப்பந்தத்தில் ஒரு கட்சியாகவே இல்லை.

இனி இல்லத்துக்கு வருவோம். ஏரியின் பங்கைக் காக்க மிராசு உரிமையைப் பிளேஸ் துரை ஆதரித்தாரன்றோ? அவருக்குப் பின் வந்த எல்லிஸ் முதலானோரும் அதனை நிலவுரிமையென்றே நிலைநாட்டினர். அவ்வுரிமையின் மறுபுறம் நூறாண்டு கழித்து வெளிப்பட்டது. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர், ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்களைக் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். ஏரி மண் சுமந்து வயலில் உழைத்தவர்கள் அவர்களே. அவர்களுக்கு நிலமில்லை என்பது அனைவரும் அறிந்தது. அவர்கள் குடிசை நின்ற மனையும் அவர்களுடையதன்று என்பதை அவர் எடுத்துக் காட்டினார். சேரி நத்தத்தில் மிராசுதார் உரிமை கொண்டாடினர். கூலி உயர்த்திக் கேட்டாலும், வேறிடம் வேலைக்குச் சென்றாலும், 'மனையைக் காலி செய்' என்னும் ஒரு சொல் போதும். தரிசு நிலத்துக்கு அவர்கள் விண்ணப்பித்தால் மிராசுதார்க்கே முதலுரிமை என்று தடை எழும். அக்காலத்தில் செங்கற்பட்டில் ஊழியம் செய்த ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஐயரும் இதனையே அரசினர்க்கு எடுத்துரைத்து வந்தார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாங்கம் பிறப்பித்த உத்தரவின் பயனாக, மாகாணமெங்கும் தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கிய நிலங்களே இன்று பஞ்சமி நிலம் எனப்படுவன. அவற்றைப் பிறர்க்கு விற்கலாகாது என்னும் கட்டுப்பாடும் உடன் விதிக்கப்பட்டது.

உத்தரவு நன்று, காவல் இல்லை. நிலங்கள் பல வகையிற் பிறர் கை மாறின. அவற்றை மீட்கக் கோரி மாமல்லபுரத்துக்கு வடமேற்கேயுள்ள காரணை என்னும் ஊரில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் இறந்தனர். நூறாண்டுக்கு முன் அரசே கொடுத்த நிலத்தைக் கேட்டு உயிர் நீத்தனர். ஒரு பதிவேட்டைச் சரிவரக் காவாமையின் விலை இஃது.

மனையுரிமை பற்றிய சட்டங்கள் பின்னரும் வந்தன. குடியிருப்போர்க்கே மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இலும், ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கும் சட்டம் 1978இலும் நிறைவேறின. வீடு கட்டும் திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இல் தமிழ்நாட்டரசின் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் 300 சதுரஅடியில் பசுமை வீடுகள், 2016இல் மத்திய அரசின் ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டம், 2024இல் கலைஞர் கனவு இல்லம் என அவற்றின் வரிசை நீள்வது. இறுதியிற் கூறியது 2030க்குள் எட்டு இலட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தது. ஒவ்வொன்றும் 360 சதுரஅடி, அரசு தருவது மூன்றரை இலட்சம் ரூபாய். பெயர்கள் அரசியலோடு மாறின. தொகை காலத்தோடு ஏறிற்று. விதிகளில் ஒன்று மட்டும் பெரும்பாலும் மாறவில்லை: வீடு பெறுவோன் தனக்குரிய மனையைக் காட்டுதல் வேண்டும்.

ஈண்டே முடிச்சு உள்ளது. பட்டா உள்ளவனுக்கு வீடு. பட்டா இல்லாதவன் வீடில்லாதவரினும் வீடில்லாதவன், அவனோ வரிசையிலேயே நிற்க இயலான். மனையற்றவர்க்கு மாநில அரசு நிலம் தருதல் வேண்டும் என்று மத்தியத் திட்டம் கூறுவது உண்மையே. ஆனால் வீட்டுத் தொகையை வழங்குபவர் ஊரக வளர்ச்சித் துறையினர், மனைப்பட்டா வழங்குபவர் வருவாய்த் துறையினர். முன்னவர்க்கு ஆண்டு இலக்கு உண்டு. பின்னவர்க்கு அவ்விலக்கோடு பிணைப்பு இல்லை. இலக்கை எட்டும் அவசரத்தில் அலுவலர் எளியவற்றை முதலிற் பிடிப்பர். மனை உள்ளோர் பட்டியல் நிறையும். மனையற்றோர் அடுத்த திட்டத்துக்குக் காத்திருப்பர். நாம் அலுவலரைக் குறை கூறவில்லை. எதனை எண்ணுகின்றோமோ அதுவே நிறைவேறும்.

பணம் தரும் முறையிலும் ஓர் இடர் உண்டு. தொகை தவணையாக, அடித்தளம், நிலைமட்டம், கூரை என வேலை உயர உயர வழங்கப்படுகின்றது. மோசடியைத் தடுக்க இது வேண்டியதே. ஆனால் முதல் தவணை வருமுன் கடைக்கால் தோண்டிக் கருங்கல் இட நாட்கூலிக்காரனிடம் கைப்பணம் ஏது? வட்டிக்கு வாங்குவான்; தவணை தாமதித்தால் வட்டி வளரும்; சுவர் நிலைமட்டத்தில் நின்றுவிடும். சிமெண்டையும் கம்பியையும் ஒன்றியத்தின் வழியே கொடுத்துப் பின் தொகையிற் கழித்துக்கொள்வது இவ்விடரைச் சிறிது குறைக்கின்றது. கடைக்காலுக்குரிய சிறு தொகையையும் அவ்வாறே முன்பணமாகக் கொடுத்தல் கூடும்.

கருங்குழியினின்று திருக்கழுக்குன்றத்தின் வழியே கடற்கரை நோக்கிச் செல்லும் சாலை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் முடிகின்றது. அங்கே நரிக்குறவரும் இருளரும் நெடுங்காலம் பட்டாவின்றி வாழ்ந்தனர். 2021 நவம்பர் 4ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நேரிற் சென்று, ஏறத்தாழ 280 பேருக்கு வீட்டுமனைப் பட்டா, குடும்ப அட்டை, சாதிச் சான்று முதலியவற்றை வழங்கினார். ஒரே நாளில் ஒரே பந்தலில் இவை கிடைத்தமையால், இவற்றைத் தருவதற்குப் புதிய சட்டமோ பெரும் பொருளோ தேவையில்லை என்பது தெளிவாயிற்று. தேவைப்பட்டது பல துறையாரையும் ஒரு நாளில் ஓரிடத்திற் கூட்டும் அதிகாரமே. முதலமைச்சர் ஒவ்வோர் ஊருக்கும் செல்ல இயலாது. அவ்வதிகாரம் வட்ட அளவில் ஒருவரிடம் ஆண்டு முழுதும் இருத்தல் வேண்டும்.

மனை கொடாமையின் கேடு மனையற்றவரோடு நிற்பதில்லை. எங்கும் இடம் பெறாதவர் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போடுகின்றனர். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா வழங்கலாகாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கின்றன. நீரின் நன்மையை நோக்க அது நியாயமே. அகற்றப்பட்டவர் மற்றோர் ஏரிக்கரைக்கே போவராயின் நாம் காத்தது யாது? முன்பு ஏரியையும் இல்லத்தையும் தனித்தனியே பேசினோம். ஊரில் அவை ஒரே புறம்போக்கின் இருபுறங்களாக நிற்கின்றன.

சென்னையினின்று மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் இதன் பெரிய வடிவத்தைக் காணலாம். 1970இல் அமைந்து, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய குடிசை மாற்று வாரியத்தார், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி, சென்னையின் ஆற்றோரக் குடிகளை அங்குக் குடியேற்றினர். எண்ணிக்கையில் அது பெருஞ்செயல். ஆனால் நகரின் நடுவே வீட்டுவேலையும் சந்தை வேலையும் செய்தவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் வைக்கப்பட்டனர். பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் வீட்டோடு வரவில்லை, பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. ஆற்று வெள்ளத்தினின்று அவர்களைக் காக்கக் கொண்டுசென்ற இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். பெருமழையில் செம்மஞ்சேரித் தெருக்களில் நீர் நின்றது. எட்டடுக்கு மாளிகையில் மின்தூக்கி நின்றால் ஏழாம் மாடியிலிருக்கும் மூதாட்டி எங்ஙனம் இறங்குவார்? குடிசையின் கீற்றை அவர் மகன் மாற்றுவான்; மின்தூக்கியை மாற்ற அவனால் ஆகாது. உயரமாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டோடும் அதனைப் பேணும் செலவும் பிறக்கின்றது. அச்செலவுக்கு வழி வகுக்காமல் கட்டுவது, களத்தில் ஏரிக்குப் பங்கு ஒதுக்காமல் நெல்லளப்பதை ஒக்கும்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரை இதனோடு ஒப்பிடலாம். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது அந்நகரமும் குடிசைகளால் நிறைந்திருந்தது. முதல் ஐந்தாண்டில் 50,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இன்று மக்களில் நால்வர்க்கு மூவர்க்கு மேற்பட்டோர் கழகத்தின் வீடுகளில் உறைகின்றனர். இவ்விரைவைப் புகழ்வோர் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். 1966இன் நிலமெடுப்புச் சட்டத்தால் அரசு நிலத்தை முன்கூட்டியே தன் கையில் வைத்துக்கொண்டது. 1988இன் சட்டத்தால் நகர மன்றங்கள் அமைந்து, குடியிருப்போர் மாதந்தோறும் தரும் கட்டணமும் அரசின் மானியமும் கொண்டு மாடிப்படி, மின்தூக்கி, சாக்கடை ஆகியவற்றைப் பேணுகின்றன. ஒரு பகுதி பிற்காலப் பெரும் பழுதுக்கென ஒதுக்கப்படுகின்றது. நிலம் முன்னே, காவல் பின்னே, நடுவே கட்டடம். அந்நாட்டில் நிலமிழந்தோர் பெற்ற ஈடு சந்தை விலையினும் மிகக் குறைவு என்பதையும் மறைத்தலாகாது; அதனை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை, நம் சட்டமும் அதற்கு இடந்தராது. மேரை முறையோ நமக்குப் புதியதன்று. திருப்போரூர் ஓலைகளில் உள்ள அதனையே அவர்கள் வேறு பெயரால் நடத்துகின்றனர்.

வீட்டுக்கும் ஏரிக்கும் ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு சிறு பங்கைக் கட்டுமானத்துக்குத் தராமல், ஊராட்சியின் பெயரில் வைப்பாக வைத்து, அதன் வருவாயைப் பராமரிப்புக்கே செலவிடச் செய்தல் கூடும் என்பது நம் கருத்து. திறப்பு விழாவில் எண்ணுவதற்கு வீடுகள் சிறிது குறையும். அதற்கு எந்த அமைச்சர் உடன்படுவார் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அவர் நகைத்தது நியாயமே. ஆயினும் கணக்கு மாறவில்லை.

இவ்வியாசத்திற் கூறியவற்றை மாணாக்கர் தத்தம் ஊரில் வைத்துச் சோதித்தல் நலம். வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், தம் ஏரியின் மதகைத் திறக்கும் சாவி யாரிடம் உள்ளது, அவருக்குக் கூலி தருபவர் யார் என்று கேட்டு எழுதட்டும். அரசு வீடு பெற்ற குடும்பமொன்றினிடம் பட்டா பெற்ற ஆண்டு, வீடு அனுமதியான ஆண்டு, குடிபுகுந்த ஆண்டு ஆகிய மூன்றையும், இடையே வாங்கிய கடனையும் கேட்டறியட்டும். பட்டா கிடையாதவர் உளராயின், எத்தனை முறை மனு கொடுத்தனர், எந்த அலுவலகத்தில் அம்மனு நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டங்களிலிருந்து வரும் மாணாக்கர் இங்குப் பலர் உள்ளனர். அவர்கள் கொணரும் குறிப்புகளைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிட எண்ணியுள்ளோம்.